யாளிகளுக்கு வெள்ளையடித்த நாள்

“கண்ணை மூடினா அந்த மொகந்தான் வருதுங்க, சாமி” என்றான் செங்கோடன்.

மண்டபத்துச் சாமி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். ஈர விறகு. புகை வந்தது, தீ வரவில்லை.

“எந்த முகம்?”

“தண்ணீல இருந்து எடுத்த மொகம்.”

சாமி ஊதுவதை நிறுத்தினார்.

செங்கோடன் பரிசல் ஓட்டுகிறவன். நாவலந்துறையில் இக்கரைக்கும் அக்கரைக்கும் ஆள் கடத்துவது அவன்தான். ஆற்றோடு போனவர்களை மீட்டுக் கொடுப்பதும் அவன்தான். எந்த ஊர்க்காரன் மூழ்கினாலும் செங்கோடன் வீட்டு வாசலில்தான் வந்து நிற்பார்கள். சுழல் எங்கே கொண்டுபோய் ஒதுக்கும், எந்தப் பாறை பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துபடி. ஊர் அவனைப் புண்ணியவான் என்றது. அந்தப் புண்ணியம் அவனுக்கு என்ன செய்தது என்று கேட்டால் மட்டும் ஊர் வாயை மூடிக்கொள்ளும்.

ஒரு புதுவெள்ளத்தில் அவன் மகள் மயிலாத்தா போனாள். பல் விழுந்து முளைக்கிற வயசு. தேடப் போனதும் அவன்தான், எடுத்ததும் அவன்தான்.

தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைச் சுற்றி, தோளில் போட்டுக்கொண்டு கரையேறினான். பெற்றவள் பாவாயி காலைப் பிடித்துக் கதறினாள். “ஒருக்கா காட்டுங்க, ஒரே ஒருக்கா காட்டுங்க” என்றாள். அவன் காட்டவில்லை. அப்படியே கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தான்.

பாவாயி அதை மன்னிக்கவில்லை. அவளைக் குறை சொல்லவும் முடியாது.

மண்டபத்துச் சாமி என்று ஊர் சொன்னது ஒரு பெண்ணை. முப்பது வயதைத் தாண்டியிருக்க மாட்டார். மழித்த தலை, காவிச் சேலை, ஒரு செம்பு. ஒரு நாள் செங்கோடனின் பரிசலில் ஏறி இக்கரைக்கு வந்தார். பாழடைந்து கிடந்த கல்மண்டபத்தைப் பார்த்தார், அங்கேயே தங்கிவிட்டார். எந்த ஊர், பெற்றவர்கள் யார், ஒன்றும் தெரியாது. செங்கோடன் அவருக்குச் சீடனானான். நரைத்த தலையோடு சின்னப் பெண்ணைக் கும்பிடுகிறானே என்று துறையில் சிரித்தார்கள். அவர்களே தங்கள் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் கண்டால் திருநீறு வாங்க இருட்டோடு இருட்டாக அங்கேதான் போவார்கள்.

“அந்த முகம் எப்பவும் வருதா?” என்று கேட்டார் சாமி.

“எப்பவும்தானுங்க. சோத்துல கை வெச்சா வருது. துடுப்பைப் போட்டா வருது.”

“வராத நேரமே இல்லையா?”

செங்கோடன் தலை குனிந்தான். பழங்கள்ளன் பிடிபட்டது போல இருந்தது அவனுக்கு.

“யாளி வரையறப்ப மட்டும் வர்றதில்லீங்க.”

“யாளியா?”

“ஊட்டுக்குள்ள, உள்ரூம்புச் சொவத்துல. காவி, கரி, மஞ்சள், அவுரி நீலம். வேலம்பிசின்ல கொழைச்சு வரைவனுங்க. யாருக்கும் தெரியாது. பாவாயிக்குத்தான் தெரியும்.”

“எதைப் பார்த்து வரையறீங்க?”

“இந்தத் தூணுங்களைப் பார்த்துத்தான்.”

சாமி திரும்பித் தூண்களைப் பார்த்தார். துதிக்கை நீட்டிய யாளி ஒன்று. அந்தத் துதிக்கையில்தான் அவர் சேலை உலர்த்துவார். மீன் உடம்பும் யானை முகமுமாக ஒரு மகரம். அதன் முதுகில் உப்புச் சட்டி இருந்தது. ஒரே உடம்பில் இரண்டு தலை வைத்த பறவை. குதிரைக் காலும் சிங்க நகமுமாய் எழும்பி நிற்கும் இன்னொரு யாளி. மண்டபத்துக்கு வந்த நாளிலிருந்து அவருக்கு இவைதான் அக்கம்பக்கத்தார்.

“ஏன் யாளி? ஒரு மாடு வரையலாமே?”

“மாட்டை வரைஞ்சா, மாட்டுக்குத் தண்ணி காட்டுன புள்ள கை ஞாபகத்துக்கு வருதுங்க. இதுங்க ஒலகத்துலயே இல்லாததுங்க. எனக்கும் இதுங்களுக்கும் ஒட்டும் இல்ல, ஒறவும் இல்ல. அதனால மனசு கொஞ்ச நேரம் சும்மா கெடக்கும்.”

“மயிலாத்தா முகத்தை வரைஞ்சு பார்த்தீங்களா?”

அவன் அடுப்புப் புகையைப் பார்த்தான்.

“மறந்துபோச்சுங்க, சாமி.”

சொன்னதும் அழுதான். வளர்ந்த ஆண்பிள்ளை அழுகிறோமே என்ற வெட்கம்கூட அவனுக்கு வரவில்லை.

“பெத்த புள்ள மொகம் மறந்துபோச்சுங்க. சிரிச்சா எப்படி இருப்பா? தூங்கினா எப்படி இருப்பா? ஒண்ணும் தெரீல. செத்த மொகம் வந்து எல்லாத்தையும் தின்னுபோட்டுது.”

“அன்னைக்குத் துணியை ஏன் விலக்க விடலை?”

“அதை ஒருத்தர் பார்த்தாப் போதும்னுதானுங்க.”

சாமி ஒரு விறகை அடுப்பிலிருந்து உருவினார். அவனிடம் நீட்டினார்.

“இது எப்போ காயும்?”

“வெயில்ல போட்டா நாளைக்குக் காஞ்சுரும்.”

“சரி” என்றார் சாமி. மறுபடியும் ஊத ஆரம்பித்தார்.

அவ்வளவுதான் பதில். செங்கோடன் எழுந்து போனான். இப்படி ஒரு சாமியை இக்கரைக்கு ஏற்றி வந்தோமே என்று அவனுக்கு எரிச்சலாக இருந்தது.

*

சாவு விழுந்த வீட்டில் அந்த வருசப் பொங்கலுக்கு வெள்ளையடிக்க மாட்டார்கள். மறு வருசம் அடித்துவிடுவார்கள். செங்கோடன் வீட்டில் அந்த மறு வருசம் வரவே இல்லை. மார்கழி கடைசியில் பாவாயி சுண்ணாம்பு ஊறவைக்கலாமா என்று கேட்பாள். “வர்ற வருசம் பார்த்துக்கலாம்” என்பான் அவன். அவளும் விட்டுவிடுவாள். இப்படியே பொங்கல்கள் போயின. சுவரில் யாளிகள் பெருகின.

இந்த மார்கழியில் அவள் கேட்கவில்லை. கடையில் சுண்ணாம்புக் கல் வாங்கி வந்து பானையில் போட்டாள். தண்ணீர் ஊற்றினாள். பானை கொதித்துப் புகைந்தது.

“என்ன புள்ள இது?”

“பொங்கக் காப்புக் கட்டறதுக்குள்ள வெள்ளை அடிச்சாகோணும்.”

“வர்ற வருசம்…”

“வர்ற வருசம் நான் இருக்க மாட்டேன்.”

அவன் திடுக்கிட்டான்.

“சாகறதைச் சொல்லலீங்க. எங்கண்ணன் ஊட்டுக்குப் போயிருவேன்னு சொல்றேன். இந்தப் பூதங்களுக்கு நடுவுல என்னால படுக்க முடியலை. ராத்திரி முழிச்சா அத்தனையும் பல்லைக் காட்டிட்டு நிக்குது. எம்புள்ளயை மண்ணுல போட்டுட்டு வந்து, இதுங்களுக்குக் கண்ணும் காதும் வெச்சு வளக்கறீங்க.”

“பாவாயி…”

“அவ பேரை ஒரு நாள் சொல்லியிருப்பீங்களா இந்த ஊட்டுல? ஒரு நாள்? சொவத்துல வெள்ளை இருக்கோணும். இல்லீனா நான் போறேன். போனா வர மாட்டேன்.”

வாசலோரம் ஒரு துணி மூட்டை இருந்தது. கட்டி வைத்துவிட்டாள். பாவாயி வாய்ச்சவடால் பேசுகிறவள் இல்லை. சொன்னால் செய்வாள். அவளும் போய்விட்டால் அந்த வீட்டில் அவனும் அந்த முகமும்தான்.

அவன் மண்டபத்துக்கு ஓடினான்.

“சாமி, நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும். உங்க பேச்சைக் கேப்பா.”

“என்ன சொல்லணும்?”

“யாளிங்க பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்னு சொல்லுங்க. அதுங்க போச்சுன்னா வெறுஞ்சொவருதான் நிக்கும். அந்த வெள்ளையில நான் எந்த மொகத்தைப் பார்ப்பேன்னு உங்களுக்குத் தெரியுமுங்களே.”

சாமி உடனே எழுந்தார். துதிக்கையில் காய்ந்த சேலையைக்கூட எடுக்கவில்லை.

“வாங்க, போகலாம்.”

செங்கோடனுக்குப் பாதி பாரம் இறங்கியது. பரவாயில்லை, நம் சாமி நம்மைக் கைவிடவில்லை என்று எண்ணிக்கொண்டான். பாவம்.

*

பாவாயி வீட்டில் இல்லை. காப்புக் கட்டுவதற்குப் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் பறிக்கக் காட்டுப் பக்கம் போயிருந்தாள். மூட்டை அதே இடத்தில் இருந்தது. சுண்ணாம்புப் பானை ஆறிப்போயிருந்தது. பக்கத்திலேயே, வெள்ளையடிக்க நுனி நசுக்கிய மட்டை சாய்ந்திருந்தது.

சாமி சுவரைப் பார்த்தார்.

உத்தரத்திலிருந்து தரைவரை யாளிகள். ஒன்றின் வாலை இன்னொன்று கவ்வியிருந்தது. இடம் போதாமல் ஒன்றின் வயிற்றுக்குள் இன்னொன்று. நல்ல கை என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு கோடுகூட ஏனோதானோவென்று இல்லை. சாமி ஒவ்வொன்றாகப் பார்த்தார். சிலவற்றின் அருகே போய், மூக்கு சுவரில் முட்டுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். செங்கோடன் பெருமையும் கூச்சமுமாக நின்றான்.

சாமி மட்டையை எடுத்துப் பானையில் முக்கினார்.

“சாமி!”

முதல் யாளியின் துதிக்கைமேல் சுண்ணாம்பு ஏறியது.

“என்ன பண்றீங்க?”

“வெள்ளையடிக்கிறேன்.”

செங்கோடன் பாய்ந்து அவர் கையைப் பிடித்தான்.

“இதுக்கா உங்களைக் கூட்டியாந்தேன்?”

“இல்லை.”

“நீங்களும் அவகூடச் சேர்ந்துட்டீங்களா?”

“கையை விடுங்க, பரிசல்காரரே.”

குருவின் கையைப் பிடித்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. விட்டான். மூலையில் போய் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். கேட்பதற்கு ஆள் இல்லாத அழுகை.

மட்டை சுவரில் தேய்கிற சத்தம் கேட்டது. நடுநடுவே சாமியின் குரல்.

“இது தூண்ல இருக்கு.”

தேய்க்கிற சத்தம்.

“இதுவும் தூண்ல இருக்கு.”

தேய்க்கிற சத்தம்.

பிறகு ஓர் இடத்தில் சத்தம் நின்றது. “இது தூண்ல இல்லை.” தள்ளிப்போய் மறுபடி தேய்த்தார்.

அவன் தலை நிமிரவில்லை. எது இருந்தால் என்ன, எது இல்லாவிட்டால் என்ன?

கடைசியில் மட்டை பானைக்குள் விழும் ஓசை கேட்டது. செங்கோடன் பார்த்தான்.

யாளிகள் அப்படியே இருந்தன. ஈரத்தில் பளபளவென்று, அன்றுதான் வரைந்ததுபோல இருந்தன. ஒரு கணம் அவனுக்குச் சந்தோசம் பொங்கியது. மறு கணமே அடங்கியது. சுண்ணாம்பு ஈரத்தில் வெளுக்காது. காயக் காயத்தான் வெளுக்கும். அவனும் ஒரு காலத்தில் பொங்கலுக்குப் பொங்கல் அடித்தவன்தானே.

சாமி கதவையும் சன்னலையும் விரியத் திறந்தார். வெயில் உள்ளே வந்தது. காற்றும் வந்தது. சாமி தரையில் உட்கார்ந்தார்.

“இனி என்னங்க?”

“காயட்டும்.”

இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மேலே, வெயில் விழுந்த இடத்தில் முதலில் வெளுத்தது. ஒரு துதிக்கை போனது. பிடரி மயிர் போனது. குதிரைக் கால்கள் ஒவ்வொன்றாகப் போயின. கரைமேல் நின்று கைகட்டிப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று செங்கோடனுக்கு அதுவரை தெரியாது. எத்தனை பேரைத் தண்ணீருக்குள் போய் எடுத்திருக்கிறான். இன்று போகிறதையெல்லாம் பார்க்கத்தான் முடிந்தது.

சுவர் வெளுத்தது.

வெளுக்காத இடங்கள் சில நின்றன. அங்கொன்றும் இங்கொன்றுமாக, உள்ளங்கை அகலத்துக்கு.

“அதையெல்லாம் ஏனுங்க விட்டுட்டீங்க?” என்றான். “அதையும் அடிச்சுப் போட்டிருங்க. எனக்கு எதுக்கு அது மட்டும்?”

“அதெல்லாம் தூண்ல இல்லை.”

“இருக்குமுங்க. எல்லாம் அங்க பார்த்து வரைஞ்சதுதான்.”

“நான் தினமும் அதுங்களுக்கு நடுவுலதான் தூங்கி எழுந்திருக்கேன். ரெண்டு தலைப் பறவைக்கு அலகு இருக்கு. உங்க பறவைக்கு அலகுக்குள்ளே பல்லு இருக்கு. மேல்வரிசை நடுவுல ஒரு பல்லு இல்லை. பறவைக்கு ஏது பல்லு?”

“கை தவறியிருக்குமுங்க.”

“மகரத்து உச்சந்தலையில ரெண்டு சுழி. மீனுக்கு ஏது மயிரு?”

“கை தவறித்தான்…”

“யாளிக்கு இடது புருவத்துல ஒரு வெட்டு.”

அவன் அந்தப் புருவத்தைப் பார்த்தான்.

“தூண்ல நிக்கிற யாளிக்குக் கால்ல நகம் இருக்கு. இங்கே விரல் இருக்கு. சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல ஏறிக் கிடக்கு.”

“எனக்கு ஒண்ணும் புரியலீங்க, சாமி.”

“எனக்கும் புரியலை. எனக்குத் தெரிஞ்சது தூண்தான். தூண்ல இருக்கிறதை அழிச்சேன். மிச்சம் எங்கே இருந்து வந்ததுன்னு வரைஞ்சவர்தான் சொல்லணும்.”

வரைந்தவன் வெள்ளைச் சுவரையே பார்த்தான். பல், சுழி, புருவம், விரல். எல்லாம் எங்கோ பார்த்ததுபோல இருந்தது. எங்கே என்று பிடிபடவில்லை.

வாசலில் நிழல் விழுந்தது.

பாவாயி மடி நிறையப் பூவோடு நின்றாள். சுவர் வெள்ளையாக இருந்ததைப் பார்த்து அவள் முகம் தெளிந்தது. அப்புறம் உள்ளே வந்தாள். வந்தவள் பாதியில் நின்றாள். சாமியை அவள் கும்பிடவில்லை. புருசனைப் பார்க்கவில்லை. நேரே சுவருக்குப் போய் அந்தச் சுழியின்மேல் விரலை வைத்தாள்.

“ரெட்டைச் சுழி.”

விரல் சுற்றிக்கொண்டே இருந்தது.

“தலை வாரறப்ப வகிடே நிக்காது. ரெண்டு கல்யாணம் ஆகும்னு எல்லாரும் கேலி பேசுவாங்க.” நிறுத்தினாள். “ஒண்ணு கூட ஆகலை.”

செங்கோடன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

அவள் புருவத்துக்கு வந்தாள். “துடுப்பு பட்ட தழும்பு.” கீழே உட்கார்ந்து விரலைத் தொட்டாள். “கொலுசு போடறப்பல்லாம் இந்த வெரலைப் புடிச்சு இழுத்து உடுவேன். மறுபடி மேல ஏறிக்கும். கழுதை.”

மயிலாத்தா செத்த பிறகு அந்த வீட்டில் அவளைத் திட்டியது அதுதான் முதல் தடவை.

கடைசியாகப் பல்லுக்கு வந்தாள். உற்றுப் பார்த்தாள்.

“இது தப்பு.”

“என்ன தப்பு?” என்றான் செங்கோடன்.

“மேல்பல்லு விழலீங்க. ஆடிட்டுத்தான் இருந்துச்சு. விழுந்தது கீழ்ப்பல்லு. சாணிக்குள்ள வெச்சு உருட்டி நீங்கதான் கூரைமேல வீசுனீங்க. மறந்துட்டீங்களா?”

அவன் சாமியைத் திரும்பிப் பார்த்தான். சாமி அங்கே இல்லை. வெளியே, தொட்டியடியில் கையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“பாவாயி.”

“என்னங்க?”

“கண்ணை மூடினா உனக்கு எந்த மொகம் வருது?”

பைத்தியத்தைப் பார்க்கிற மாதிரி அவள் அவனைப் பார்த்தாள்.

“எந்த மொகம் வரும்? அவ மொகந்தான். சிரிச்சுட்டு, பல்லு விழுந்த சந்துல நாக்கை விட்டுக்கிட்டு… அப்படித்தானே எப்பவும் நிப்பா? உங்களுக்கு அப்படி வர்றதில்லீங்களா?”

செங்கோடன் அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டான்.

“காட்டு புள்ள” என்றான். “ஒருக்கா. ஒரே ஒருக்கா காட்டு.”

பாவாயி அவனைக் குனிந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். அவளுக்கு ஆற்றங்கரை ஞாபகம் வந்தது. தலைத்துண்டு ஞாபகம் வந்தது. அந்தத் துண்டுக்குள் இருந்ததை இந்த மனுசன் இத்தனை காலமும் யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தது ஞாபகம் வந்தது.

மடியிலிருந்த பூவைத் தரையில் கொட்டினாள். மாடத்தில் அவன் வைத்திருந்த கரித்துண்டை எடுத்தாள். சுழிக்கும் புருவத்துக்கும் நடுவே, அப்போதுதான் காய்ந்த வெள்ளையில் கரியை ஊன்றினாள்.

“அக்கட்டால நகருங்க” என்றாள். “வெளிச்சத்தை மறைக்கறீங்க.”